கட்டைவிரலும் கௌரவமும்

சீன எழுத்தாளர் பி ஃபெய்யூவின் 'துய்னா' என்ற நாவலைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குச் சீன பாஷை தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். மொழிபெயர்ப்பில் படித்த நாவலின் நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது துணிச்சலான காரியம். ஆகவே அதிலே நான் இறங்கப் போவதில்லை. நாவல் எந்தத் தொழிலைப் பற்றியதோ அந்தத் தொழிலையும், அதைக் கற்றுக்கொள்ள வெளிநாடுகளிலிருந்து போகிற வைத்தியர்களையும், அதைச் செய்து வயிறு வளர்க்கிற மனிதர்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் உத்தேசம். அப்படிச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நாவலின் பெருமை என்ன, குறை என்ன என்று தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

துய்னா என்பது இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஒன்றுக்குத் தள்ளுவது என்று பொருள். மற்றொன்றுக்குப் பற்றுவது என்று பொருள். கையாலேயே செய்கிற சிகிச்சைக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் அது. தாங் வம்ச காலத்து அரண்மனை வைத்தியக் கழகத்திலேயே இதற்கென்று தனிப் பிரிவும், ஆசிரியரும், மாணவர்களும் இருந்தார்கள். 1601-ல் வெளிவந்த யாங் ஜிஜோவின் பெரிய ஊசி வைத்திய நூலில் குழந்தைகளுக்குச் செய்யும் மஸாஜ் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. 1742-ல் அரசாங்கமே தொகுப்பித்த வைத்தியக் களஞ்சியம் எலும்பு சரிசெய்வதற்கு எட்டு முறைகளைச் சொல்கிறது. அந்த எட்டில் கடைசி இரண்டுதான் தள்ளுவதும் பற்றுவதும். முதலாவது என்ன தெரியுமோ? தடவி அறிவது. எங்கே முறிந்திருக்கிறது, எங்கே பிசகியிருக்கிறது என்று விரலால் தெரிந்துகொண்ட பிற்பாடுதான் மற்ற ஏழும். நம்முடைய சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி அதற்கு ஒன்பது வகை சொல்வார்கள். ஆகையால் இந்த விஷயம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் புதியது அல்ல. பெயர்கள்தான் வேறே.

இந்தத் தொழில் இன்று சீனாவில் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று ஆஸ்பத்திரி. பாரம்பரிய வைத்தியக் கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அங்கே துய்னா பிரிவில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மற்றொன்று கடை. தெருவோரத்துக் கட்டிடத்தில் நாலைந்து கட்டில்களைப் போட்டு, மணிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு உடம்பு பிடித்துவிடும் இடம். இந்தக் கடைகளில் பலவற்றில் வேலை செய்கிறவர்கள் கண் பார்வை இல்லாதவர்கள். 1950-களிலிருந்தே அரசாங்கம் பார்வையற்றவர்களுக்கு இந்தத் தொழிலைப் பயிற்றுவித்து வந்திருக்கிறது. பின்னால், 2009-ல், பார்வையற்றோர் செய்யும் மருத்துவ மஸாஜுக்கென்று தனி விதிகளும் ஏற்பட்டன. வைத்தியம் வேறு, உடம்புச் சுகத்துக்காகச் செய்வது வேறு என்று அந்த விதிகள் பிரிக்கின்றன. கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்கள் அந்தப் பிரிவினையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கழுத்து வலித்தால் வருகிறார்கள். வலி போனால் மறுபடியும் வருகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் போய்ச் சேருவது ஆஸ்பத்திரிக்குத்தான். 1975-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங் ஆகிய மூன்று நகரங்களிலும் வெளிநாட்டாருக்கான ஊசி வைத்தியப் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. நான்ஜிங்கில் பாரம்பரிய வைத்தியக் கல்லூரி 1954-லேயே இருந்தது. இன்று அது சர்வகலாசாலை. பல நாட்டு வைத்தியர்களும், தாதிகளும், பிஸியோதெரபிஸ்டுகளும் அங்கே போய்ச் சில வாரங்களோ சில மாதங்களோ இருந்து, ஊசியும் துய்னாவும் கற்றுக்கொண்டு சர்டிபிகேட்டுடன் திரும்புகிறார்கள்.

எனக்குத் தெரிந்த பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் அப்படிப் போய் வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் திரும்பி வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தபோது, "என்னப்பா, மூன்று மாசத்தில் என்ன கற்றுக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டேன்.

"அரிசி மூட்டையை உருட்டக் கற்றுக்கொண்டேன், அண்ணா" என்றார்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. துய்னாவில் உருட்டும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஷாங்காயில் டிங் ஜிஃபெங் என்பவர் 1940-களில் வகுத்தது. புறங்கையின் சுண்டுவிரல் ஓரத்தை உடம்பின் மேல் வைத்து, மணிக்கட்டை மடக்கியும் நீட்டியும் உருட்டிக்கொண்டே போக வேண்டும். நிமிஷத்துக்கு 120 முதல் 160 தடவை. பார்ப்பதற்கு ரொம்பச் சுலபம். செய்து பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். அதனால் ஆரம்பத்தில் மனித உடம்பைத் தொட விடுவதில்லை. சிறு பை ஒன்றில் அரிசியை நிரப்பிக் கட்டி மேஜை மேல் வைத்துவிடுகிறார்கள். மாணவன் அதன்மேல் நாள் கணக்கில் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீடித்து நிற்க வேண்டும், பலம் இருக்க வேண்டும், ஒரே சீராக இருக்க வேண்டும், மிருதுவாக இருக்க வேண்டும் — இந்த நாலும் சேர்ந்தால்தான் அழுத்தம் உள்ளே இறங்கும் என்பது பாடம்.

"வாத்தியார் எங்களோடு பேசவே இல்லை, அண்ணா. துபாஷிதான் பேசினார். வாத்தியார் வந்து என் கைமேல் தன் கையை வைப்பார். தலையை ஆட்டுவார். போய்விடுவார். சரியா தப்பா என்று அவர் தலையாட்டியதிலிருந்து நான் கண்டுபிடிக்க வேண்டும்."

நான்ஜிங்கில் பார்வையற்றவர்கள் நடத்தும் கடைக்கும் அவர் ஒரு தடவை போயிருக்கிறார். அரிசி மூட்டையோடு போராடித் தோள் வலி வந்துவிட்டதாம். அங்கே ஒரு நடுவயதுக்காரர் ஒரு மணி நேரம் பிடித்துவிட்டிருக்கிறார். பாஷை தெரியாது, பேச்சில்லை. முடிகிற சமயத்தில் அந்த மனிதர் இவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து, அடிக்கணுவை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, தன்னுடைய கட்டைவிரலை இவர் கையில் கொடுத்து அதே இடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். நீயும் இந்தத் தொழில்தானா என்று கேட்ட மாதிரி. இவர் நெகிழ்ந்துபோய், கிளம்பும்போது கூலிக்கு மேலே ஒரு நோட்டைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் விரலால் நோட்டுகளைத் தடவி எண்ணிவிட்டு, அதிகப்படியானதை மட்டும் திருப்பி நீட்டிவிட்டாராம்.

"எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது, அண்ணா. நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்டார்.

அதற்குப் பதிலாக நான் பி ஃபெய்யூவின் நாவலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவருடைய கேள்விக்கு அதைவிட நீளமாகவும் நேராகவும் பதில் சொல்லும் புஸ்தகம் வேறொன்று எனக்குத் தெரியாது.

பி ஃபெய்யூ 1964-ல் ஜியாங்சு மாகாணத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் நான்ஜிங்கில், ஊனமுற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்கிற பள்ளியில் சில வருஷங்கள் வேலை பார்த்தார். பிறகு பத்திரிகைக்குப் போனார். 'மூன்று சகோதரிகள்' என்ற அவருடைய நூலுக்கு 2010-ஆம் வருஷத்து மேன் ஆசிய இலக்கியப் பரிசு கிடைத்தது. 'துய்னா' 2008-ல் வெளியாயிற்று; 2011-ல் அதற்கு மாவோ துன் பரிசு கிடைத்தது. சீனாவில் நாவலுக்குக் கொடுக்கப்படும் பெரிய பரிசுகளில் அது ஒன்று. பரிசுகளை வைத்து நான் நாவலை எடை போடவில்லை. ஆசிரியருக்கு இந்த ஜனங்களோடு பழக்கம் எப்படி ஏற்பட்டது என்று தெரிந்தால் போதும்.

கதை என்று தனியாக எடுத்துச் சொல்ல இந்த நாவலில் அதிகம் இல்லை. நான்ஜிங்கில் ஒரு துய்னா நிலையம். ஷா ஃபூமிங், ஜாங் ஸோங்ச்சி என்ற இரண்டு பார்வையற்ற சிநேகிதர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக நம் முன்னே வருகிறார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு மனிதரின் பெயர்தான் தலைப்பு. காதல், கடன், பொறாமை, சாப்பாட்டுப் பொட்டலத்தில் யாருக்கு எத்தனை ஆட்டிறைச்சித் துண்டு விழுந்தது என்ற சண்டை — எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய சமாசாரங்கள்தான். சண்டை இறைச்சியைப் பற்றியது என்று தோன்றினாலும், பார்வையுள்ள சிப்பந்திகள் இரண்டு பேர் ஆளுக்கொரு முதலாளி பக்கம் நின்று பார்வையற்றவர்களை ஏமாற்ற முடிகிறது என்பதுதான் அதன் உள்விஷயம். அதை ஆசிரியர் உரக்கச் சொல்வதில்லை. துண்டுகளை எண்ணிக் காட்டுவதோடு விட்டுவிடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் அது ஒன்று.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு சின்ன விஷயம் வருகிறது. இந்த நிலையங்களில் பார்வையற்றவர்களை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் வாங் என்ற பாத்திரத்துக்கு அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிப்போய் வேறு பெயரே இல்லாமல் ஆகிவிட்டது. அவர் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. ஷென்ஜென் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில், போன நூற்றாண்டின் கடைசி வருஷங்களில், இரவு பகலாக ஆட்களைப் பிடித்துவிட்டுக் காசு சேர்த்தவர். கொஞ்சம் பணத்தைப் பங்கு மார்க்கெட்டில் தொலைத்தவர். ஆஸ்பத்திரியிலிருப்பவருக்கு டாக்டர் என்ற சொல் ஓர் உத்தியோகம். இவருக்கோ அது தோளில் போட்ட சால்வை மாதிரி. எப்போது வேண்டுமானாலும் நழுவிவிடலாம். ஆகவே அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அது நழுவுகிற கட்டம் ஒன்று நாவலில் இருக்கிறது. டாக்டர் வாங்கின் தம்பி பார்வையுள்ளவன்; வேலை செய்யாமல் சூதாடி 25,000 யுவான் கடன் வைத்துவிட்டான். கடன் கொடுத்தவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். டாக்டர் வாங்கிடம் பணம் இருக்கிறது. கொடுத்திருக்கலாம். கொடுப்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டும் வருகிறார். வந்த பிறகு மனம் மாறிவிடுகிறது. சமையலறைக் கத்தியை எடுத்துத் தன் மார்பையே கீறிக்கொண்டு, பணத்துக்குப் பதில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நிற்கிறார். வந்தவர்கள் போய்விடுகிறார்கள். சாமானிய நாவலாசிரியனாக இருந்தால் இங்கே கைதட்டலுக்கு இடம் வைத்திருப்பான். பி ஃபெய்யூ வைக்கவில்லை. காரியம் முடிந்ததும் டாக்டர் வாங் வெட்கத்தில் குன்றிப்போகிறார். மரியாதையாக வாழ்ந்த மனிதன் இன்று ரௌடி மாதிரி நடந்துகொண்டுவிட்டேனே என்று அழுகிறார். பணம் மிஞ்சியது. அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்த கை எதற்காக உழைத்ததோ அது போய்விட்டது என்று அவர் நினைக்கிறார். இந்த இடத்தில் கௌரவம் என்ற சொல்லுக்கு ஆசிரியர் கொடுக்கிற விலை நமக்குத் தெரிகிறது.

டூ ஹோங் என்ற பெண்ணின் கதைதான் நாவலின் நடுநாடி என்று நான் நினைக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது அவள் பியானோ வாசிக்கிறாள். சங்கீதத்தில் நல்ல தேர்ச்சி. ஒரு தர்ம நிகழ்ச்சியில் அவளை மேடையேற்றுகிறார்கள். அன்றைக்கு அவள் வாசிப்பு சரியாக அமையவில்லை. தப்பும் தவறுமாக வாசித்தாள் என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் சபையில் கைதட்டல் ஓயவில்லை. நிகழ்ச்சியை நடத்துகிறவள் குரல் தழுதழுக்க, இந்தக் குருட்டுப் பெண் சமூகத்துக்கு நன்றிக்கடன் தீர்க்கிறாள் என்கிற மாதிரிப் பேசுகிறாள். அன்றோடு டூ ஹோங் பியானோவை விட்டுவிடுகிறாள்.

இந்தக் காட்சியை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவளை யாரும் திட்டவில்லை, அவமதிக்கவில்லை, பாராட்டினார்கள். ஆனால் பாராட்டியவர்கள் யாரும் அவள் வாசிப்பைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இல்லை என்று தெரிந்திருக்கும். கலைஞனுக்குத் தன் தப்பைத் தப்பென்று சொல்கிற ஒரு ஜீவனாவது வேண்டும். அனுதாபம் அந்த உரிமையை அவளிடமிருந்து பறித்துவிட்டது. அதனால்தான் அவள் துய்னாவுக்கு வருகிறாள். அங்கே கைதட்டல் கிடையாது. வாடிக்கைக்காரனின் கழுத்து வலி போயிற்றா இல்லையா என்பதுதான் கேள்வி. அவள் கை அந்தத் தொழிலில் அவ்வளவு தேர்ந்த கை அல்ல என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. சங்கீதத்தில் இருந்த ஞானம் நாடி நரம்பு தேடுவதில் அவளுக்கு இல்லை. இருந்தாலும் கூலி வேலையின் கண்டிப்பு அவளுக்கு அனுதாபத்தின் இனிப்பைவிட மேலானதாக இருக்கிறது.

அப்புறம் அவளை விதி வேறொரு பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்கிறது. நிலையத்துக்கு வந்த சினிமாக்காரர்கள் சிலர் அவள் பேரழகி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஷா ஃபூமிங் அதைக் கேட்கிறார். பிறவியிலிருந்தே பார்வையில்லாத அவருக்கு அழகு என்றால் என்னவென்று தெரியாது. பார்வையுள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள், ஆகவே அது உண்மை. அந்த உண்மை தன் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில் நடமாடுகிறது. அவளுடைய முகத்தைத் தடவிப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை. ஆயிரம் முதுகுகளில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று கண்டுபிடித்த விரல்களுக்கு இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. டூ ஹோங்குக்கோ இந்தக் காதல் எரிச்சலாக இருக்கிறது. அவர் நேசிப்பது தன்னையல்ல, யாரோ சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை என்று அவளுக்குப் புரிகிறது. பியானோ மேடையில் நடந்தது வேறு உருவத்தில் மறுபடியும் நடக்கிறது.

கடைசியில் ஒரு கதவு சாத்திக்கொள்வதில் அவளுடைய கட்டைவிரல் முறிந்துபோகிறது. துய்னா செய்கிறவர்களுக்குக் கட்டைவிரல் போனால் எல்லாம் போயிற்று. சக தொழிலாளிகள் தங்களுக்குள் பணம் திரட்டுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். அவர்களும் பார்வையற்றவர்கள், அவர்களும் கூலிக்காரர்கள். என்றாலும் அவர்களுடைய இரக்கத்தில் காலம் தள்ள அவள் சம்மதிப்பதில்லை. அங்கிருந்து போய்விடுகிறாள். இந்த முடிவு கொடுமையானது என்று சில வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பாராட்டை மறுத்தவள் நன்கொடையை ஏற்றுக்கொண்டால்தான் பாத்திரம் பொய்யாகியிருக்கும்.

நாவலில் ஷியாவ் மா என்ற இளைஞன் ஒருவன் வருகிறான். ஒன்பது வயதில் கார் விபத்தில் தாயையும் பார்வையையும் இழந்தவன். அவனுக்குத் தோழன் ஒரு பழைய மேஜைக் கடிகாரம். அதன் டிக் டிக்கைக் கேட்டுக் கேட்டு, காலம் என்பது வட்டமா நேர்கோடா என்று ஆராய்கிறான். இதைக் கவித்துவம் என்று ஒதுக்கிவிட முடியாது. சீனாவின் மஸாஜ் கடைகளில் வேலைக்குப் போவதை மணிக்குள் ஏறுவது என்கிற மாதிரி ஒரு சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். மணி ஆரம்பமாயிற்று, மணி முடிந்தது, இன்று எத்தனை மணி ஏறினாய் என்பதுதான் பேச்சு. பகலும் இரவும் கண்ணுக்குத் தெரியாத ஒருவனுக்கு வாழ்க்கை முழுதும் இந்த மணிக் கணக்காக ஆகிவிடுவது எவ்வளவு இயல்பு என்று ஆசிரியர் கண்டுபிடித்திருக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குறையையும் சொல்ல வேண்டும். பி ஃபெய்யூவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாத்திரம் ஒரு காரியத்தைச் செய்தவுடன், பார்வையற்றவர்கள் இப்படித்தான், பார்வையுள்ளவர்கள் அப்படித்தான் என்று ஒரு பொது விதியைச் சொல்லிவிடுவார். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பாதகமில்லை. நாவல் நெடுக இது நடக்கிறது. தனித்தனி மனிதர்களாகப் பாருங்கள் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் பெயர் வைத்த ஆசிரியரே, நடுநடுவே எல்லாரையும் ஒரு ஜாதியாகக் கட்டிவிடுகிறார். டூ ஹோங் மேடையில் கேட்ட பேச்சுக்கும் இந்தப் பொது விதிகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஒன்று இரக்கத்தோடு சொல்கிறது, மற்றொன்று ஞானத்தோடு சொல்கிறது. இரண்டும் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் அவள் ஊனத்தைப் பார்த்துப் பேசுகின்றன. முடிதிருத்தும் கடை என்ற பெயரில் நடக்கும் விடுதியில் இருக்கிற ஷியாவ் மான் என்ற பெண்ணும் பாதிதான் உருவாகியிருக்கிறாள். ஷியாவ் மாவின் தாகத்துக்குத் தண்ணீர் என்பதற்கு மேல் அவளுக்கு இடம் கொடுக்க ஆசிரியருக்குப் பொறுமை இல்லை.

இந்த நாவலை லோ யே என்ற டைரக்டர் 2014-ல் படமாக எடுத்தார். பெர்லின் விழாவில் ஒளிப்பதிவாளர் ஸெங் ஜியானுக்கு அதற்காக வெள்ளிக் கரடி கொடுத்தார்கள். தேர்ந்த நடிகர்களோடு, உண்மையில் பார்வையில்லாதவர்களும் நடித்திருக்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் காமிரா பல இடங்களில் மங்கிக் கலங்கி, பார்வைக் குறைவை நமக்குக் காட்ட முயல்கிறது. நாவலில் இந்தத் தொல்லை இல்லை. இருட்டு எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்ட பி ஃபெய்யூ மெனக்கெடுவதே இல்லை. அந்த மனிதர்களுக்கு அது ஒரு விஷயமே அல்லவே! அவர்களுக்கு விஷயம் வாடகை, கல்யாணம், அப்பா அம்மாவிடம் டெலிபோனில் சொல்ல வேண்டிய பொய். ஷியாவ் கோங் என்ற பெண் முழுக் குருடனான டாக்டர் வாங்கைக் காதலிப்பதைப் பெற்றோரிடம் மறைப்பதற்காக இரண்டு டெலிபோன் வைத்துக்கொண்டு திண்டாடுகிறாளே, அந்தத் திண்டாட்டத்தில் நமக்கு அவள் பார்வையற்றவள் என்பதே மறந்துபோகிறது. இலக்கியம் சினிமாவை முந்துகிற இடம் இது.

இனி, படிக்கப் போகிற வைத்தியர்களின் விஷயத்துக்கு வருகிறேன். துய்னாவில் பலன் உண்டா என்று கேட்டால், முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் ஓரளவு நிவாரணம் கிடைப்பதாகப் பரிசோதனைகள் சொல்கின்றன. அந்தப் பரிசோதனைகளில் பல சிறியவை, கண்டிப்புப் போதாதவை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உள்ளுறுப்பு நோய்களைத் தீர்க்கும் என்கிற பேச்சுக்கு அந்த அளவு ஆதாரமும் இல்லை. நாவலும் எந்த மகிமையும் பாடவில்லை. ஷா ஃபூமிங் எத்தனையோ பேருடைய வலியைத் தீர்த்தவர். நேரத்துக்குச் சாப்பிடாமல் மணிக்கு மணி வேலை செய்து, தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாள் முழுதும் பிறர் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்துக்கு நடுவே, பக்கத்தில் இருக்கிற மனிதனின் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இதைவிடக் கசப்பான விமர்சனத்தை அந்தத் தொழிலின்மேல் எந்த எதிரியும் செய்ததில்லை என்றே சொல்லுவேன்.

வெளிநாட்டு மாணவன் மூன்று மாதத்தில் கொண்டுவருவது முறைகளை. எந்த விரல், எந்த இடம், நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் குறிப்புப் புஸ்தகத்தில் அடங்கிவிடும். முறையைக் கற்றுக்கொண்டவன் நோயாளியின் உடம்பை ஒரு பிரச்னையாகப் பார்க்கப் பழகுகிறான். அது வேண்டியதுதான், இல்லாவிட்டால் சிகிச்சை நடக்காது. ஆனால் அவன் தொடுகிற ஒவ்வொரு உடம்பும், தன்னைத் தொடுகிறவன் தன்னை எப்படி நினைக்கிறான் என்பதையும் அதே சமயத்தில் அளந்துகொண்டிருக்கிறது. இரக்கத்தோடு வைத்த கையும் தொழில் மரியாதையோடு வைத்த கையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விழலாம். வாங்கிக்கொள்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும். இதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. நாவலில்தான் இடமிருக்கிறது.

நம்முடைய எழுத்திலும் இந்தக் கணக்கு நிலுவையில் இருக்கிறது. கண்ணில்லாதவனையும் காலில்லாதவனையும் கதையில் கொண்டுவந்தால் வாசகனின் கைக்குட்டை நனைய வேண்டும் என்று நினைக்கிற எழுத்தாளர்கள் நம்மிடையே ஏராளம். பத்திரிகைகளும் அதைத்தான் விரும்புகின்றன. அந்தக் கதைகளைப் பார்வையற்ற ஒருவர் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டால் என்ன நினைப்பார் என்று நாம் யோசிப்பதில்லை. டூ ஹோங் பியானோவை மூடிய மாதிரி அவர் புஸ்தகத்தை மூடச் சொல்லிவிடுவார்.

நாவலை நான் கொடுத்த அந்த நண்பர் படித்து முடிக்க இரண்டு மாசம் பிடித்தது. ஆட்டிறைச்சிச் சண்டை வருகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாராம். கத்தி வருகிற இடத்தில் புஸ்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மறுநாள்தான் எடுத்தாராம். திருப்பிக் கொடுத்த நோட்டைப் பற்றி அவர் மறுபடியும் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் துய்னா படிக்கச் சீனாவுக்குப் போக விரும்புகிற இளைஞர்கள் அவரிடம் யோசனை கேட்க வருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு சம்பளம் கட்ட வேண்டும், எந்த மாசத்தில் குளிர் குறைவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, போகிற வழியில் விமானத்தில் படியுங்கள் என்று இந்த நாவலின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறார். குறைகள் இருந்தாலும், அப்படி எழுதிக் கொடுக்கத் தகுந்த புஸ்தகம்தான் இது என்பது என் அபிப்பிராயம்.